தண்ணீரில் இறங்காதே, மார்லா

1

மார்லா மண்டியிட்டுப் பின் டயரிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி அவள் வண்டியின் எண்ணை இரண்டாவது முறையாகக் கூப்பிட்டது. மூன்றாவது முறை கூப்பிட்டும் போகாவிட்டால் ஆட்டம் காலி. உஸ்ஸ்ஸ் என்று காற்று போகிறது. காற்று குறைந்தால்தான் டயர் தரையில் நன்றாகப் பதியும்; அளவியின் முள் இருபதுக்கு வர வேண்டும். வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. பக்கத்து வரிசையில், பழைய பிக்கப் வண்டியின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு டுவேன் சிரிக்கிறான்.

"கண்ணு, இன்னும் கொஞ்சம் இறக்கினா பேன்கேக் ஆயிடும். சிரப் கொண்டுவரட்டா?"

"நீ போய் உன் வீட்டு வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு பலகை நடு, போ."

அந்த நொடியில், கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்து—

நிறுத்துகிறேன். கை இப்போது வேண்டாம். வாரப் பத்திரிகையில் தொடர் எழுதிப் பழகியவர்களின் வியாதி இது. எங்கிருந்தாவது ஒரு கையை நீட்டிவிட்டு அத்தியாயத்தை முடித்துவிடுவோம். அது யாருடைய கை என்பது அடுத்த வாரம்தான் எங்களுக்கே தெரியும்.

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மாவட்டத்தின் வாரப் பத்திரிகையில் நான் பல வருஷமாகத் துப்பறியும் தொடர் எழுதுகிறேன். எந்தத் தொடரானாலும் ஓர் இடத்தில் 'டயர்கள் கிறீச்சிட, கார் பாய்ந்தது' என்று வந்தே தீரும். ஒருநாள் மார்லா எனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் காதோரத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"டயர் கத்துதுன்னா வழுக்குதுன்னு அர்த்தம். உங்க வில்லனுங்க எல்லாம் நின்ன எடத்துலயே நின்னு கத்திக்கிட்டிருக்கானுங்க. அவனுங்களைப் புடிக்க முடியாம ஒரு போலீசு வேற!"

"வாசகர்களுக்கு அதெல்லாம் தெரியாது, மார்லா."

"கார் பந்தயத்துக்கே பேர்போன இந்தியானாவுலயா? தெரியாதா?"

காதுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் இருக்கும்போது நான் வாதாடுவதில்லை. டயர் கத்தாத ஒரு கதையை எழுதுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

2

ஆட்கள் குறைவுதான். மார்லா முடி வெட்டுபவள். சமையலறையை ஒட்டிய அறையில் இரண்டு நாற்காலி போட்டுக் கடை நடத்துகிறாள். டுவேன் டிராக்டர் ரிப்பேர் செய்பவன். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், இருவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். நிச்சய மோதிரம் போட்டாகிவிட்டது. சண்டை ஒன்றே ஒன்றுதான்: யார் வீட்டில் குடியிருப்பது?

மார்லாவின் வீட்டில் அவள் கடை இருக்கிறது. டுவேனின் வீட்டை ஒட்டி அவன் அம்மாவின் வீடு இருக்கிறது.

"அம்மா தனியா இருக்காங்க," என்றான் டுவேன்.

"அதான் பயமா இருக்கு. என் சமையல்ல உப்பு எவ்வளவுன்னு வேலிக்கு அந்தப் பக்கத்துலருந்தே சொல்லிடுவாங்க."

பேசித் தீரவில்லை. எங்கள் ஊரில் பேசித் தீராத விஷயங்களுக்கு மக்காச்சோள வயல்களின் நடுவே கால் மைல் நீளத்துக்கு ஒரு தார்ப்பாதை இருக்கிறது. சீசனின் கடைசி சனிக்கிழமை, இருவரும் ஒரே ஒரு ஓட்டம். தோற்றவர் வீட்டை விற்றுவிட்டு ஜெயித்தவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

[இந்த அம்மா பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். பெயர் டோட்டி. முதல் வரைவில் அவளைப் பிடாரியாக எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் பண்ணும் சர்க்கரை க்ரீம் 'பை' என்ற இனிப்பைச் சாப்பிட்டவர்கள் அவளை அப்படிச் சொல்ல மாட்டார்கள். உப்பு விஷயத்திலும் அவள் சொன்னதுதான் சரி. ஒன்று கவனித்தீர்களா? 'அவர்கள் எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய்' என்று அவளை யாருமே கேட்கவில்லை.]

அன்று இரவு மார்லா தன் காரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவள் கண்களில் ஒரு—

(மன்னிக்கவும். வெளியே யாரோ என்ஜினை முறுக்குகிறார்கள். கண்களில் என்ன இருந்தது என்பது மறந்துவிட்டது. விடுங்கள்.)

3

இப்போது டயர்.

மார்லாவின் மஸ்டாங் தினசரி காய்கறி வாங்கப் போகிற கார். இழுத்து வருவதற்கு அவளிடம் டிரெய்லர் கிடையாது. எந்த டயரில் வருகிறாளோ அதே டயரில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நல்ல பிடிமானம் உள்ள டயராகக் கேட்டாள். டயர் கடை ராண்டி மூன்று வகையைக் காட்டினான்.

"இது சாதா டயர். நெறைய பள்ளம், நெறைய வரி. மழைக்கு நல்லது. பச்சை விளக்கு விழுந்து நீ மிதிச்சேன்னா சும்மா சுத்தும், புகையும், அவ்வளவுதான்."

"இப்ப என்கிட்ட இருக்கிறது அதான். அது?"

"அது முழு வழுக்கை. ஒரு வரி கூட கெடையாது. சூடாச்சுன்னா பபுள்கம் மாதிரி தார்ல ஒட்டிக்கும். ரோட்டுல ஓட்டினா போலீசும் ஒட்டிக்குவான்."

"வழுக்கைன்னாலே என் தொழிலுக்கு ஆகாது."

ராண்டி தன் தலையைத் தடவிக்கொண்டான். "வழுக்கை வழுக்காது, மார்லா. என் பொண்டாட்டியைக் கேட்டுப் பாரு."

(ராண்டி நிஜத்தில் இதைச் சொல்லவில்லை. நான் சொல்ல வைத்தேன். இந்த வாக்கியத்துக்காகத்தான் மூன்று டயர்களையும் கடைக்குள் கொண்டுவந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.)

மூன்றாவது, டிராக் ரேடியல் என்பது. நான் அதை அரை வழுக்கை என்று அழைக்கப்போகிறேன். சட்டத்துக்காக நாலு வரி, மற்றபடி மெத்தென்ற ரப்பர். ரோட்டிலும் ஓட்டலாம், பந்தயத்திலும் ஒட்டலாம். மழை வந்தால் மட்டும் கடவுளை நினைத்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் தேயும்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க," என்றான் ராண்டி. "இது குளிர்ந்து கெடந்தா சோம்பேறி. பொறப்படுற கோட்டுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி வெச்சிருப்பாங்கல்ல? அதுல பின் சக்கரத்தை எறக்கி, புகை வர்ற வரைக்கும் சுத்து. அப்புறம் பாரு."

மார்லா தலையாட்டினாள். ராண்டி சொன்னதில் பாதி அவள் தலையில் ஏறியது. மீதிப் பாதிதான் இந்தக் கதை.

4

(இது விதிமுறை. அவசரக்காரர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படிக்கலாம்.)

எங்கள் பந்தயத்தில் வேகம் பெரிதல்ல. ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை விநாடியில் ஓடி முடிக்கும் என்று தானே கணித்து, வெள்ளை ஷூ பாலிஷால் வண்டிக் கண்ணாடியில் எழுத வேண்டும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, மெதுவான வண்டிக்கு அவ்வளவு முன்னதாகப் பச்சை விழும். பிறகு யார் முதலில் முடிவுக் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி.

ஆனால், எழுதிய எண்ணைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. ஆமாம், முதலில் வந்தாலும் தோல்வி. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாதவன் இங்கே ஜெயிக்க முடியாது.

சாதா டயரில் மார்லாவின் கஷ்டம் அதுதான். ஒருமுறை பிடிக்கும், ஒருமுறை வழுக்கும். எந்த எண்ணை எழுதுவது? நல்ல பிடிமானம் கேட்டாளே, அது வேகத்துக்காக அல்ல. தன்னைத் தெரிந்துகொள்வதற்காக.

5

சனிக்கிழமை காலை ஒத்திகை ஓட்டம். புது டயர். மார்லா புறப்படும் கோட்டை நோக்கிப் போகிறாள். முன்னே தண்ணீர் பளபளக்கிறது. அவள் ஸ்டீயரிங்கை ஒடித்து, தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய்—

(மறுபடியும் என்ஜின். இந்தத் தெருவில் மனிதர் எழுத முடியாது.)

சுற்றிக்கொண்டு போய்விட்டாள். ஏன்? இத்தனை வருஷப் பழக்கம். சாதா டயர்க்காரர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. பள்ளங்களில் தண்ணீர் தங்கி, கோடு வரைக்கும் ஒழுகும். பின்னால் வருகிறவன் வழுக்குவான், எல்லோரும் திட்டுவார்கள். நல்ல பிள்ளையாகச் சுற்றிப் போய்ப் போய் அவள் கைக்கு அது பாடமாகிவிட்டது. கால்களுக்குக் கீழே டயர் மாறியது கைகளுக்குத் தெரியவில்லை.

சூடாகாத அரை வழுக்கை பாதித் தூக்கத்தில் ஓடி 13.40 விநாடி எடுத்தது. மார்லாவுக்கு அதுவே பரம சந்தோஷம். கண்ணாடியில் 13.40 என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் போட்டாள்.

சரியான டயர். தப்பான எண்.

மைதானத்தில் இதைக் கவனித்தது ஒரே ஓர் ஆள். வேலியோரம் மடக்கு நாற்காலியில், பெரிய வைக்கோல் தொப்பியோடு உட்கார்ந்து, தட்டைவிடப் பெரிய பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்த டோட்டி. செத்துப்போன புருஷன் இதே பாதையில் ஓட்டியபோதெல்லாம் அவனுக்கு எண் சொன்னவள் அவள்தான்.

6

முதல் அத்தியாயத்துக்கு வருவோம். முள் இருபதுக்கு இறங்கியது. மார்லா வண்டிக்குள் பாய்ந்தாள். டுவேன் தன் பக்கத் தண்ணீரை நோக்கி நகர்ந்தான். மார்லாவும் நகர்ந்தாள். தண்ணீர்ப் பக்கம் நிற்கிற ஆள் இரண்டு கைகளாலும் 'வா, வா' என்று கூப்பிட்டான்.

அப்போதுதான் ராண்டியின் மீதிப் பாதி அவள் தலையில் விழுந்தது. தண்ணியில எறக்கு. புகை வர்ற வரைக்கும் சுத்து.

"அய்யோ, காலையில நான் எறக்கவே இல்லையே!"

எண்ணை மாற்ற முடியாது. வரிசையை விட்டு வெளியே வந்தாகிவிட்டது. இப்போது டயரைச் சூடாக்கினால் 13.40ஐவிட வேகமாக ஓடும், தோல்வி. சூடாக்காமல் போனால், காலையில் பிடித்தது மாலையிலும் அதேபோலப் பிடிக்குமா?

[முடிவுக் கோட்டருகே பிரேக் அடிக்கலாமே என்று கேட்கிற வாசகருக்கு: மார்லாவைப் பொறுத்தவரை பிரேக் என்பது வீட்டுக்குப் போகும் வழியில் உபயோகிக்கிற சாமான்.]

அந்த நொடியில், கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. இதோ, சொன்னபடி கொண்டுவந்துவிட்டேன். வைக்கோல் தொப்பி. மடக்கு நாற்காலியின் மேலேயே ஏறி நின்று, சாண்ட்விச் பிடித்த கையைப் பக்கவாட்டில் வீசி வீசிக் காட்டியது. சுற்றிப் போ! சுற்றிப் போ!

"தண்ணியில எறங்காதடீ, மார்லா!"

மார்லா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். யார்? டோட்டி. எந்த டோட்டி? யார் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோகக் கூடாது என்பதற்காக இவள் இந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறாளோ, அந்த டோட்டி. மகன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று தவம் கிடக்கிற அம்மா, தன் மகனைத் தோற்கடிக்க இவளுக்கு யோசனை சொல்வாளா?

"ஆஹா! கிழவி என்னைக் கவுக்கப் பாக்குது," என்று மார்லா முணுமுணுத்தாள். அவள் கை ஸ்டீயரிங்கில் இறுகியது.

7

இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: டோட்டியை நம்பாமல் மார்லா தண்ணீரில் இறங்குகிறாள். வெள்ளைப் புகை சோள வயல் வரைக்கும் போகிறது. டயர் கத்தவே இல்லை, கடித்துக்கொண்டு பாய்கிறது. டுவேனை அநாயாசமாகத் தாண்டி முதலில் வருகிறாள். பலகையில் 13.12. தோல்வி. அவள் வீடு விற்பனைக்கு.

முடிவு இரண்டு: டோட்டியை நம்பிச் சுற்றிப் போகிறாள். டயர் காலையில் தூங்கியது போலவே சமர்த்தாகத் தூங்கி, 13.41. டுவேனின் பிக்கப் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால். வெற்றி. அவன் வீடு விற்பனைக்கு.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் தேர்ந்தெடுப்பது நியாயமாக இருக்காது. முதல் வரியிலிருந்தே ஒன்றை உங்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன்.

நாற்காலியின் மேல் ஏறி நின்ற அந்தக் கிழவி நான்தான்.

பத்திரிகையில் வேறு பெயர் போட்டுக்கொள்வேன். டோட்டி என்ற பெயரில் கதையில் கொலை செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அன்று நான் காட்டிய கை, சத்தியமாக உண்மையான கை. மார்லா ஜெயிக்க வேண்டும் என்று மார்லாவைவிட அதிகமாக ஆசைப்பட்டது நான். டுவேன் என் பிள்ளைதான், தங்கமான பிள்ளைதான். ஆனால் அவன் நடக்கப் பழகியதற்கு மறுநாளிலிருந்து என் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஓர் என்ஜினைப் பிரித்து மாட்டி உறுமவிட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு வாக்கியத்தை முழுசாக எழுதி முடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லை. மார்லா வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவாள், எனக்கு நிம்மதி என்று—

கேட்கிறதா?

முன்பெல்லாம் ஒரு என்ஜின்தான். இப்போது இரண்டு.