சின்னவர்

யூரியா மூட்டையைப் பலகை மேல் ஏற்றி வைக்கலாம் என்றுதான் அவள் கொட்டகைக்குள் போனாள். மூலையில் பெரிய கேன் உட்கார்ந்திருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த தாளில் நெற்பயிரின் படம். அவள் மூட்டையை அப்படியே விட்டாள்.

அந்த வீட்டில் களை மருந்துக்குப் பட்டப்பெயர் உண்டு. வரப்புக்கு அடிப்பது பெரிய கேனில் வரும். பச்சையாக எது நின்றாலும் வேரோடு முடித்துவிடும். அது பெரியவர். வயலுக்குள் அடிப்பது சின்ன டப்பா. பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் கவனிக்கும். அது சின்னவர். பட்டம் சூட்டியவள் அவள்தான். புருஷனையும் கொழுந்தனையும் மனதில் வைத்துத்தான் சூட்டினாள் என்று வீடே சிரித்த காலம் ஒன்று இருந்தது.

இந்தத் தடவை கடைக்குப் போனவர் அவள் புருஷன். வாங்கி வைத்த மறுநாளே வரப்பில் வழுக்கி, கணுக்கால் வீங்கிப் படுத்துவிட்டார். களை அதற்காகக் காத்திருக்குமா? இன்னும் கொஞ்சம் முற்றினால் எந்த மருந்துக்கும் மசியாது. களை சாகாமல் யூரியா போட்டால் அத்தனையும் களைக்கு வைத்த விருந்து. வேறு வழி தெரியாமல், புருஷனுக்குச் சொல்லாமல், கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

அண்ணனும் தம்பியும் நடு வரப்பு யார் பக்கம் நகர்ந்தது என்று வாய்த்தகராறு செய்து, முகம் பார்த்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அவன் மறுபேச்சுப் பேசவில்லை. விடிந்ததும் வந்து நின்றான். முதுகில் மாட்டும் டேங்கைத் தூக்கியவனிடம், அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"சின்னவர எடுத்துக்கோங்க தம்பி."

கொட்டகையில் நின்றவளுக்கு இப்போதுதான் விளங்கியது. இந்தத் தடவை கடையில் அளவு மாறி வந்திருக்கிறது. பெரியவர் சின்ன டப்பாவுக்குள்ளும், சின்னவர் பெரிய கேனுக்குள்ளும். அவள் சொன்னபடியே அவன் செய்திருக்கிறான்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். மருந்துக்காகத் தண்ணீர் வடித்த வயலில், வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு அவன் நிதானமாக நடந்துகொண்டிருந்தான். கால்வாசி வயல் நனைந்திருந்தது.

"தம்பி, நிறுத்துங்க. அது வரப்பு மருந்து."

அவன் கை அப்படியே நின்றது. துண்டை இறக்கி, நனைந்த பயிரைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"வேணும்னே பண்ணேன்னுதான் அண்ணன் நினைப்பாரு, அண்ணி."

அவளுக்கும் அதுதான் பயம். பயிர் போனால் அடுத்த பருவம் என்று ஒன்று இருக்கிறது. அண்ணன் தம்பி உறவு போனால் போனதுதான்.

"அத அப்புறம் பாப்போம். இலை காயறதுக்குள்ள கழுவியாகணும்."

மோட்டாரைப் போட்டாள். வாளியில் பிடித்துப் பிடித்து, இரண்டு பேரும் இலைமேல் விசிறி வீசினார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. எந்த இலையில் மருந்து உள்ளே இறங்கிவிட்டது, எதில் கழுவிப்போனது என்று யாருக்குத் தெரியும்? கடவுளே கடவுளே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இவன யாரு வரச் சொன்னது?"

கம்பை ஊன்றிக்கொண்டு புருஷன் வரப்பில் நின்றார். மோட்டார் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். கொழுந்தன் வாளியோடு நின்றுவிட்டான்.

"நான்தான்."

"மருந்தடிக்கிற வயல்ல தண்ணிய எறைச்சிட்டிருக்கான். என்ன பண்றான் இவன்?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். "சின்னவர எடுக்கச் சொன்னேங்க. டப்பாக்குள்ள இருந்தது பெரியவரு. தம்பி மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் பயிரைப் பார்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை. திட்டப்போகிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"கடைக்காரன் சொன்னான், டப்பா மாறியிருக்குன்னு. நான்தான் உங்கிட்ட சொல்லல." பிறகு யாரிடம் என்றில்லாமல் கேட்டார். "இன்னொரு வாளி இருக்கா?"

வீங்கிய காலை நீட்டி வரப்பிலேயே உட்கார்ந்து, கைக்கு எட்டிய மட்டும் வீசினார். வெயில் உச்சிக்கு வரும்வரை மூன்று பேரும் வீசிக்கொண்டே இருந்தார்கள்.

செத்ததா பிழைத்ததா என்பது ஒரு வாரமாவது போகாமல் தெரியாது. அந்த நாட்களில் அவள் சமைத்தாளே தவிர, எதில் உப்பு போட்டோம் என்று நினைவில்லை. புருஷனும் தம்பி பேச்சை எடுக்கவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது.

எட்டாம் நாள் காலையில் எழுந்தபோது புருஷனின் படுக்கை காலியாக இருந்தது. கம்பையும் காணோம். வயலுக்கு விரைந்தாள். நடு வரப்பில் கொழுந்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பயிரின் நுனியை விரலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் புருஷன் நின்றிருந்தார். நுனி மஞ்சளாகத் தெரிந்தது. அப்போதுதான் எழும்பிய வெயிலில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிந்தது.

"பழுத்திருக்கா?" என்றார் புருஷன்.

"தெரியலண்ணே. வெயில் ஏறட்டும்."

கொழுந்தன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். புருஷன் கம்பைக் கீழே போட்டுவிட்டு, அவன் தோளைப் பிடித்தபடி மெல்ல இறங்கி, இரண்டு பேர் உட்கார இடம் போதாத அந்த வரப்பில், ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.