பெரட்டில் நாலாவது பெயர்

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் பழனியாண்டி தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது பெரட்டுக்களத்தில் மட்டும்தான். வீட்டில் 'இந்தா', கோபம் வந்தால் 'ஏ, இந்தா'. காலையில் எஸ்டேட் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில், கங்காணி என்ற முறையில், செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டைப் பார்க்காமலே கருப்பம்மா, வேலாமணி, ஜெஸிந்தா என்று கூப்பிட்டு, நாலாவதாகத் 'தெய்வம்மா' என்பார். அதைக் கேட்கத்தான் அவள் அடைமழையிலும் லீவு போடாமல் போனாள் என்றால் யார் நம்பப் போகிறார்கள்?

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய், கீழ் கோத்தகிரிப் பக்கம் இருந்த அந்த எஸ்டேட்டைப் பூட்டினார்கள். மூன்றாம் மாதம் பழனியாண்டிக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

ஊட்டியில் காலேஜ் படிக்கும் மகள் இந்துமதி ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். மனிதர் பேசும் மொழிகளைப் பற்றி அதில் இல்லாத சங்கதியே இல்லையாம். தூக்கினால் அம்மிக் குழவி கனம்.

"உலகத்துல ஆறாயிரத்துக்கு மேல மொழி இருக்காம்மா."

"அம்புட்டு இருந்து என்ன? உங்கப்பாவுக்கு ஒண்ணு போதும்."

இந்துமதி வேறு பக்கத்தைப் புரட்டி வாசித்தாள். வாதத்தில் பேச்சு போனவர்களுக்கும், நாள்தோறும் ஒரே வரிசையில் சொல்லிப் பழகியது சில சமயம் தானாக வாயில் வருமாம். எண்கள், கிழமைகள், பாட்டு.

ஒன்று இரண்டு சொல்லிப் பார்த்தார்கள். மனிதர் திருதிருவென்று விழித்தார். பாட்டா, அவர் ஜென்மத்தில் பாடியதில்லை.

"தினமும் இவரு கிழமையா சொன்னாரு?" என்றாள் தெய்வம்மா. "பெரட்டுல பேரையில்ல கூப்பிட்டாரு."

அன்றே அவர் காதருகில் உட்கார்ந்து கருப்பம்மா, வேலாமணி என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் கண்ணில் நீர்தான் வந்தது. அப்புறம்தான் தன் தப்பு அவளுக்குப் புரிந்தது. 'வந்தேங்க' என்று குரல் கொடுக்க ஆள் நிற்காமல் எந்தக் கங்காணி பெயர் கூப்பிடுவார்?

கருப்பம்மாவும் வேலாமணியும் இப்போது கேரட் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார்கள். ஏழு மணிக்கு ஜீப். தெய்வம்மா கேட்டுக்கொண்டபடி, மறுநாள் ஆறரைக்கே கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு பழைய பெரட்டுக்களத்தில் வந்து நின்றார்கள். ஜெஸிந்தா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதால் அவள் இடத்தைக் காலியாக விட்டு, நாலாவதாகத் தெய்வம்மா நின்றாள்.

புல் மண்டிய களத்தில் அப்பாவை வரிசைக்கு எதிரே நிறுத்திவிட்டு, பெரட்டு மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை இந்துமதி தட்டினாள். பழனியாண்டி நிமிர்ந்தார். உதடு கோணியது.

"க... கருப்பம்மா."

"வந்தேங்க."

"வேலாமணி."

"வந்தேங்க." அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"ஜெஸிந்தா."

திருப்பூர் சேதியைச் சொல்ல வாயெடுத்த கருப்பம்மாவின் கையைத் தெய்வம்மா பிடித்து நிறுத்தினாள். பழனியாண்டி இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்று தடவைக்கும் பதில் இல்லையென்றால் அன்றைக்குப் பேரை வெட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவது அவர் சட்டம்.

"தெய்வம்மா."

நாக்கு நுனிவரை வந்த பதிலைத் தெய்வம்மா விழுங்கிக்கொண்டாள்.

"தெய்வம்மா."

வேலாமணி முழங்கையால் இடித்தாள். "சொல்லேன்டி. பேரை வெட்டிருவாரு."

"இருடி," என்றாள் தெய்வம்மா. "இன்னும் ஒரு தடவ இருக்கு."