சீதனக் காரின் ஏசியும் ஹீற்றரும்

பெண் பார்க்க வந்த அன்றுகூட மாப்பிள்ளையின் தகப்பன் செல்வநாயகம் இவ்வளவு குனிந்து பார்க்கவில்லை. கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்த மனிதர், வந்த களைக்கு ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் நேரே கார்க் கொட்டிலுக்குள் போனார். எஞ்சினை மூடிய பொனற்றைத் திறக்கச் சொல்லித் தலையை உள்ளே விட்டார். பூரணம் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் அருந்ததியை இந்த மனிதர் பார்த்தது ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம். காருக்கு மட்டும் இத்தனை ஆராய்ச்சி.

"ஏசி எங்கை?" என்றார் தலையை எடுக்காமலே. "ஹீற்றரையும் காணேல்லை."

பக்கத்தில் நின்ற மார்க்கண்டு பெண்சாதியின் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதருக்கு இப்படியான நேரங்களில் வாய்க்குள் கொழுக்கட்டைதான்.

"நான்தான் கழட்டுவிச்சனான், அண்ணை" என்றாள் பூரணம்.

அந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மார்க்கண்டு நுவரெலியாவில் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. மலைக் குளிருக்கென்று ஹீற்றரோடு வந்த கார். கொழும்புக்கு இறங்கும்போது தனக்கு வேர்க்கக்கூடாதென்று துரை பிற்பாடு ஏசியும் பூட்டியிருந்தார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தபிறகு அந்தக் காரில்தான் குடும்பம் கொடிகாமத்துக்கு வந்து சேர்ந்தது. கொடிகாமத்து வெயிலில் ஹீற்றர் போட ஆருக்குப் பைத்தியம்? யுத்தத் தடையால் பெற்றோல் வராமற்போன நாளிலிருந்து ஏசியும் வெறும் சுமைதான். ஊரிலுள்ள மற்றக் கார்களைப் போல இதுவும் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் சும்மாவே கொதிக்கும். அதற்கு முன்னால் ஏசியின் தட்டு, றேடியேற்றருக்குக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு நின்றது.

அது தெரிந்தும் பேசாமல் விட்டதன் பலன் ஆனி மாதம் வந்தது. அயல்வீட்டு இரத்தினம்மாவுக்குக் கலியாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு வந்த பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார்கள். பூரணம் பின்சீற்றில் அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு போனாள். கைதடி தாண்டுவதற்குள் எஞ்சின் கொதித்தது. ஹீற்றருக்குப் போகிற பழைய றபர்க் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் றோட்டில் ஊற்றிவிட்டது. உச்சி வெயிலில் ஒரு மாட்டு வண்டில் வரும்வரை அவள் துடித்த துடிப்பைப் பூரணம் ஆருக்கும் சொன்னதில்லை. தாய் தப்பினாள், பிள்ளை தப்பவில்லை.

மறுநாளே மரியரட்ணத்தின் கராச்சுக்குக் காரை அனுப்பி, ஏசியையும் ஹீற்றரையும் கழற்றி, குழாய் வாய்களையும் அடைத்து எடுப்பித்தாள். அதற்குப் பிறகு கார் ஒருநாளும் கொதிக்கவில்லை. ஊரில் ஆருக்கு என்ன நோய் வருத்தமென்றாலும் ஆஸ்பத்திரிக்கு அந்தக் கார்தான் போனது.

அந்தத் துடிப்பைத் தவிர மற்றதையெல்லாம் பூரணம் சொல்லி முடிக்கும்வரை செல்வநாயகம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அது சரி, தங்கச்சி. ஆனா பேச்சிலை சொன்னது ஏசியும் ஹீற்றரும் பூட்டின கார். நான் சனத்துக்கும் சொல்லிப்போட்டன். தாலிக்குப் பொன்னுருக்கிறதுக்கு முந்திப் பூட்டி வையுங்கோ. இல்லாட்டி நாங்களும் யோசிக்கவேண்டி வரும்."

அவர் போனபிறகு பூரணத்துக்குப் பத்திக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை கலியாணம் முடித்து இந்த வீட்டோடு வந்திருக்கப்போகிறவர். கார் இதே கொட்டிலில்தான் நிற்கப்போகிறது. ஓடாத ஏசியை ஆருக்குக் காட்ட? சாப்பாட்டுக்கு மாவில்லாத ஊரில் சீதனத்துக்குக் குளிர்காற்றுக் கேட்கிற வெட்கங்கெட்ட மனிதர். "ஓம் ஓம்" என்று பின்னாலேயே போய்ச் சைக்கிளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்த மார்க்கண்டுவுக்கும் ஏச்சு நல்லாய்க் கிடைத்தது.

"அம்மா, கலியாணம் முடியுமட்டும் பூட்டி விடுவம். பிறகு கழட்டலாம்" என்றாள் அருந்ததி.

"அதுக்குள்ளை ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் குத்து வந்தா?"

"எனக்கு முப்பத்திமூண்டு, அம்மா. அவர் நல்ல மனிசன். தகப்பன் இப்பிடியெண்டா அவர் என்ன செய்யிறது?"

எத்தனை சம்பந்தங்கள் வாசல்வரை வந்து திரும்பின என்று பூரணத்துக்குத் தெரியாதா?

கலியாணப் பலகாரம் சுடுகிற நாள் வந்தது. பூரணம் தானே போய் இரத்தினம்மாவைக் கூட்டிவந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளை நல்ல காரியத்துக்கு அழைக்கலாமோ என்று முணுமுணுத்த பெண்களை ஒரே பார்வையில் அடக்கினாள். இரத்தினம்மா எண்ணெய்த் தாச்சியடியில் அருந்ததிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பயத்தம் பணியாரத்துக்கு மா குழைத்தாள். பிள்ளை போனபிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வந்தது அன்றுதான்.

அந்த நேரம் பார்த்துச் செல்வநாயகத்தின் சைக்கிள் வேலிப் படலைக்குள் நுழைந்தது. இந்த முறையும் முதலில் கொட்டிலுக்குள்தான் போனார்.

"இன்னும் பூட்டேல்லைப் போலை" என்று முற்றத்துக்கு வந்தார். "ஒரு பிள்ளை செத்தது விதி, தங்கச்சி. அதுக்குக் காரை உரிக்கிறதே? இன்னொண்டு, உந்தப் பிள்ளைப்பெறு வருத்தக்காரரை இனி ஏத்தவேண்டாம். பின்சீற்றைப் பாத்தன், கறை பிடிச்சுப்போய்க் கிடக்கு. மாப்பிள்ளை இருக்கிற சீற்றல்லோ?"

இரத்தினம்மாவின் கை மாவுக்குள் அப்படியே இருந்தது. பூரணத்துக்கு இந்த மனிதரைப் படலைவரை விரட்டிக்கொண்டு போகவேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தவள் மகளைப் பார்த்தாள். அருந்ததி தலை குனிந்தபடி இருந்தாள். இந்தச் சம்பந்தமும் போனால் இனி ஒன்று வராது.

"ஓம் அண்ணை" என்றாள் பூரணம். "பூட்டி வைக்கிறம். இனி ஒருத்தரையும் ஏத்தமாட்டம்."

அருந்ததி எழுந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கோழிக்கூட்டடிக்குப் போனாள். அங்கே கட்டிக் கிடந்த சாக்கை மூச்சு வாங்க இழுத்துவந்து, செல்வநாயகத்தின் சைக்கிளடியில் போட்டாள்.

"மாமா, நீங்கள் கேட்ட ரெண்டும் இதுக்குள்ளை இருக்கு. கரியரிலை கட்டிக்கொண்டு போங்கோ. கார் இஞ்சை ஆக்களுக்கு வேணும். அவரிட்டையும் நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

செல்வநாயகம், கொட்டிலடியில் நின்ற மார்க்கண்டுவைப் பார்த்தார். மார்க்கண்டு நிலத்தைப் பார்த்தார். "இவ்வளவு வாய் இருக்கிற பெட்டையெண்டு முந்தித் தெரியாமல் போச்சு" என்றுவிட்டு, சாக்கைத் தொடாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். கலியாணமும் அவரோடு போனது.

பூரணத்துக்கு மகளில் கோபம் வந்தது. நான் தலையைக் குனிந்து வாங்கித் தந்ததை நீ ஏன் தூக்கி எறிந்தாய் என்று கேட்க வந்தவள், அருந்ததியின் கண்ணைக் கண்டதும் நின்றுவிட்டாள். அவள் அழவில்லை. திரும்பிப் போய் இரத்தினம்மாவுக்குப் பக்கத்தில், முன்பு இருந்த இடத்திலேயே இருந்தாள். பூரணம் வேறு ஆரையாவது ஏசத் தேடினாள். ஏசுவதற்கு மிஞ்சியிருந்தது, ஒருத்தரையும் ஏத்தமாட்டம் என்று சொன்ன தன் வாய் மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் இரத்தினம்மா எழுந்தாள். அருந்ததியின் தலையைத் தடவினாள். "நான் வாறன், பிள்ளை" என்று அவளுக்கு மட்டும் சொன்னாள். பூரணம் படலை வாசலில் நின்றாள். இரத்தினம்மா அவளைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. எப்போதும் அக்கா என்று கூப்பிடுகிறவள், அன்று கூப்பிடாமல் வேலியோரமாக ஒதுங்கி நடந்தாள்.