ரெண்டு எல்லைக்கல்

என் பங்காளி தீர்த்தகிரி புளி உலுக்கும்போது கிளை முறிஞ்சு விழுந்தான். ஒரு சிராய்ப்புகூட இல்ல. பாதியிலயே ஏசு வந்து கையால தாங்கிக்கிட்டாராம். அன்னையிலிருந்து சாராயத்தை விட்டான், ஞாயித்துக்கிழமையானா ஜீப் புடிச்சு சர்ச்சுக்குப் போறான். நான் நம்பல. கோயில்ல கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டே புளுகுனவன் அவன்.

எங்க ரெண்டு பேர் கொல்லைக்கும் நடுவுல ரெண்டு எல்லைக்கல். பத்து வருசத்துக்கு முன்னாடி, நான் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து, மேற்குக் கல்லை என் சாமைக் கொல்லைக்குள்ள தள்ளி நட்டவனும் அவன்தான். நேத்து காலையில கடப்பாரையோட வந்து, அதே கல்லைப் புடுங்கி, பழைய இடத்துலயே நட்டான். நான் அடி வெச்சு அளந்து பார்த்தேன். சரியா இருந்துச்சு. எனக்குச் சந்தேகம் இன்னும் ஏறிப்போச்சு.

"இன்னாடா உன் திட்டம்?"ன்னேன்.

"திட்டம்லாம் இல்ல. 'கல்லை இன்னாத்துக்கு நகத்துன?'ன்னு ஏசு கேட்டாரு. அதான்."

கடப்பாரையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தான். அவன் கல்லை நகத்துன அதே வருசம் கிழக்குக் கல்லை அவன் பக்கம் நான் நகத்துனது அவனுக்கு இன்னும் தெரியாது.

பின்னாலயே ஓடினேன்.

"டேய், நில்லுடா! என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"