மைனஸ் அரைக்காலால் வகுத்த வியாழக்கிழமை

கிளாரிபெல் மேம் வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கும்போதெல்லாம் லியோன்சியோ சாருக்கு வயிறு எரிந்தது. குயிமாராஸ் தீவின் அந்தப் பள்ளியில் இரண்டு ஏழாம் வகுப்புகளுக்கும் நடுவே ஓர் ஒட்டுப்பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் அவர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்வதையே சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரே குறின்னா பிளஸ். வேற வேற குறின்னா மைனஸ். வகுக்கச் சொன்னா ரெண்டாவது பின்னத்தைக் கவுத்துப் பெருக்கு." பிள்ளைகள் கொட்டாவியோடு எழுதிக்கொண்டார்கள். அந்தப் பக்கமும் அதே கணக்குதான். அங்கே மட்டும் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

தடுப்பில் ஆணி விழுந்த ஓட்டை ஒன்று உண்டு. ஆணி தானாக விழவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் கண்ணை வைத்துப் பார்த்தார். தரையில் சுண்ணக்கட்டிக் கோடு, நடுவில் பூஜ்யம். ஒரு பிள்ளை கோட்டில் நிற்கும். கிளாரிபெல் ஒரு கணக்கைச் சொல்வாள். அரையால் பெருக்கினால் பூஜ்யத்தை நோக்கிப் பாதி தூரம் வர வேண்டும். அரையால் வகுத்தால் இரண்டு மடங்கு தூரம் போக வேண்டும். மைனஸ் இருந்தால் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். சரியாகப் போய் நின்றால் வகுப்பே மாம்பழக் கைதட்டல் போடும்: பறி, உரி, உறிஞ்சு, கொட்டையை எறி.

"என்ன மேம், உங்க வகுப்புல தினமும் பிறந்தநாளா?" என்று மதியச் சோற்று நேரத்தில் கேட்டார்.

"உள்ள வந்தே பாருங்க சார். ஓட்டை வழியா பாத்தா கழுத்து பிடிச்சுக்கும்."

அவர் பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடினார்.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் அர்செனியா மேம் வருகிறார். இரண்டு வகுப்பையும் பார்த்து, அக்கரையில் இலோய்லோ நகரில் நடக்கும் மாதிரி வகுப்புக்கு ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பார். வருடா வருடம் படகேறிப் போனவர் லியோன்சியோ. இந்த வருடம் நேற்று வந்தவள் போய்விடுவாளோ என்று பயந்தார்.

ஆகவே மூத்தவர் என்ற முறையில் முதல் வகுப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டு, அவளுடைய சுண்ணக்கட்டிக் கோட்டு விளையாட்டை எடுத்துக்கொண்டார். அவள் கோடு வகுப்பறைக்குள் அடங்கியது. இவர் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் போட்டார். ஓர் எண்ணுக்கு ஓர் அடி. பிளஸ் பக்கம் படகுத்துறை, மைனஸ் பக்கம் மாந்தோப்பு. மேற்பார்வைக்கு முன்னால் ஒத்திகை பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். இவர் பிள்ளைகளை அதில் பிழிந்தெடுத்துவிட்டார்.

"கணக்குக்கு மட்டும்தான் கால் நகரணும். யார் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க. நானே கூப்பிட்டாலும்!"

வியாழக்கிழமை வந்தது. அர்செனியா மேம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மரிடெல் என்ற பெண்ணின் தலைமையில் வகுப்பே கோட்டில் முக்கால் என்ற புள்ளியில் நின்றது. லியோன்சியோ ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மைனஸ் காலால வகு!"

பிள்ளைகள் பூஜ்யத்தைத் தாண்டி மைனஸ் மூன்றில் நின்றார்கள். அர்செனியா மேம் தலையாட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜன்னலில் கிளாரிபெல் புன்னகையோடு நின்றாள்.

"மைனஸ் அரைக்காலால வகு!" அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று; வகுத்தால் எட்டு மடங்கு. பிளஸ் இருபத்துநான்கு, பள்ளிக்கூட வாசல்.

அவள் இன்னும் புன்னகைத்தாள்.

"மைனஸ் காலால வகு!" மைனஸ் தொண்ணூற்றாறு. அது பின்வேலிக்கு அப்பால் ஓர் ஆட்டுக்கொட்டில். பிள்ளைகள் ஆடுகளுக்கு நடுவே ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். ஆடுகளும் வரிசையில் நின்றன.

"மைனஸ் அரைக்காலால வகு!"

பிளஸ் எழுநூற்றறுபத்தெட்டு. வகுப்பு அவரைக் கடந்து, வாசலைக் கடந்து, சந்தையைக் கடந்து போனது. ஆடுகளும் போயின. அர்செனியா மேம் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். எழுநூறாவது அடியில் படகுத்துறை முடிந்துவிட்டது. மீதி அறுபத்தெட்டு அடிக்குப் படகு எடுத்தார்கள்.

"போறதுக்கு மட்டுமா, திரும்பி வரவுமா?" என்று கேட்டான் படகுக்காரன்.

"அது சார் அடுத்து என்ன சொல்றாருன்னு பாத்துதான்ணே," என்றாள் மரிடெல்.

கரையில் லியோன்சியோ மூச்சிரைக்க வந்து நின்றார். பின்னாலேயே கிளாரிபெல்லும் வந்தாள். "திரும்பி வாங்க!"

யாரும் அசையவில்லை. ஓர் ஆடு மட்டும் பார்த்தது.

"மைனஸ் அரைக்காலால பெருக்குனா..." என்று ஆரம்பித்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். மறுபடி ஆட்டுக்கொட்டில். பதில் பக்கத்திலேயே நிற்கிறாள் என்று தெரியும். கேட்க வாய் வரவில்லை.

கிளாரிபெல் ஒலிபெருக்கியை வாங்கினாள். "பூஜ்யத்தால பெருக்கு!"

படகு திரும்பியது. பிள்ளைகள் நேராக மைதானத்தின் நடுவுக்கு நடந்தார்கள்.

நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே அர்செனியா மேம் சொன்னார்: "பின்னத்தால வகுத்தா எண் பெருசாகும்னு இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என் காலுக்கு உறைச்சுது. இலோய்லோவுக்கு நீங்கதான் போறீங்க சார்."

லியோன்சியோவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜன்னல்காரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு யோசனை வந்தது.

"நான் போற வாரம் என் வகுப்பை யாரு மேம் பாத்துக்குவா?"

"வேற யாரு? கிளாரிபெல்தான்."

ஒரு முழு வாரம். தன் பிள்ளைகள். மரிடெல் உட்பட. அவர் திரும்பி வரும்போது அத்தனை பேரும் சிரிக்கப் பழகியிருப்பார்கள்.

"எனக்குப் படகு ஒத்துக்காது மேம்," என்றார் லியோன்சியோ. "தலை சுத்தும். அந்தப் பொண்ணையே அனுப்புங்க."

திங்கட்கிழமை கிளாரிபெல் படகேறினாள். அவர் தன் வகுப்புக்குக் கணக்கு கொடுத்து உட்காரவைத்துவிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் அவளுடைய பிள்ளைகள் முன்னால் நின்றார்.

"இப்ப சொல்லுங்க. என்னைப் பாத்தா சிரிப்பு வருதா, இல்லையா?"

நாற்பது பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.