அழகுமுத்து ஐயரின் முதல் நற்கருணை

தேவநேசன் அழகுமுத்து குருவானவராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முந்திய ஓராண்டும் உதவிக் குருவாகச் சுவிசேஷம் வாசித்தார், பாத்திரம் ஏந்திக் கொடுத்தார். அப்பத்தை ஆசீர்வதிக்கும் உரிமை மட்டும் இல்லை. இப்போது அதுவும் வந்துவிட்டது. 1954 ஈஸ்டர் அன்று, இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலிருந்த தேயிலைத் தோட்டக் கோயிலில், தம் முதல் நற்கருணையை நடத்தப்போகிறார்.

உபதேசியார் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர்.

“எட்டு மணிக்கு வைப்பம் ஐயா. அதுதானே வழமை.”

“எட்டு மணிக்கு வச்சா யாரு வருவாங்க? கொழுந்து நெறைஞ்சு கெடக்கு, ஞாயித்துக்கெழமையும் ஏழரைக்குப் பெரட்டு, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிடுவாங்க. அஞ்சரைக்கே வைப்போம், உபதேசியார்.”

“உந்தக் குளிருக்கை பத்துப் பேரும் வராயினம்.”

“வருவாங்க. நான் கொழுந்தெடுக்கிறவங்க லயத்துல பொறந்தவன்.”

துரைராசா அரைமனதோடு அப்பப் பெட்டியைத் திறந்தார். கொழும்பிலிருந்து தபாலில் வரும் மெல்லிய வட்ட அப்பம், நாற்பதுதான் இருந்தது. கொழுந்தெடுக்கும் மீனம்மா பீடத்துணியைத் துவைத்துத் தேய்த்து வைத்தாள். ஆராதனை முடிந்ததும் தேநீரோடு கொடுக்க லிந்துலைக் கடையில் பாண் ரொட்டிக்கும் சொல்லிவைத்தாள்.

ஈஸ்டர் காலை. மணியடித்தபோது வெளியே பனிமூட்டம். அதைக் கிழித்துக்கொண்டு கம்பளி போர்த்திய உருவங்கள் வரிசை வரிசையாக ஏறிவந்தன. வாங்குகள் நிறைந்தன. சுவரோரம் நிறைந்தது. வாசற்படியிலும் ஆட்கள்.

“மீனம்மா, யாரு இவங்கல்லாம்?”

“பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க சாமி. நம்ம லயத்துப் புள்ள நற்கருணை நடத்துறாருன்னு மலையில ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாரும் திடப்படுத்தல் எடுத்தவங்கதான்.”

அழகுமுத்துவின் குரல் முதல் ஜெபத்தில் நடுங்கியது. அப்பத்தைக் கையில் எடுத்தபோது நடுக்கம் போய்விட்டது. சனங்கள் பீடத்தின் முன்னிருந்த கிராதியண்டை முழந்தாளிட்டார்கள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் அவர்முன் நீண்டன. மூன்று வரிசை முடிந்ததும் துரைராசா அருகில் வந்தார்.

“ஐயா, தட்டிலை ரெண்டுதான் கிடக்கு. இன்னும் அறுபது பேர் நிக்கினம்.”

அழகுமுத்து காத்துநின்ற முகங்களைப் பார்த்தார்.

“வெளிய கூடையில பாண் இருக்குல்ல? கொண்டாங்க.”

“பாணோ ஐயா?”

“நல்ல கோதுமை அப்பம் போதும்னு ஜெபப்புத்தகத்துலயே இருக்கு. முடிஞ்சு போனா மறுபடி வச்சு ஆசீர்வதிக்கலாம்னும் இருக்கு.”

துரைராசா தாமே ஓடினார். ஐம்பது வயதில் அவர் ஓடி அந்தக் கோயில் பார்த்ததில்லை. பாண் இன்னும் சூடாயிருந்தது; வாசனை பீடமெங்கும் பரவியது. மீதித் திராட்சரசத்தையும் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, அழகுமுத்து அதே வார்த்தைகளை இரண்டாம் முறை சொன்னார். இம்முறை அவர் குரல் வாசற்படிவரை கணீரென்று கேட்டது. கடைசி ஆள் எழும்வரை பாணைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை.

ஏழு மணிக்கு எல்லோரும் வெறுந்தேநீரை மடமடவென்று குடித்துவிட்டு, கொழுந்துக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு, பாட்டோடு இறங்கினார்கள். அங்கியைக் கழற்றக்கூட மறந்து வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தார் அழகுமுத்து.

“இன்னிக்குக் கொழுந்து தானா வந்து கூடையில விழும் சாமி!” என்றாள் மீனம்மா, போகிற போக்கில்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.