காயாத சுவர்

ஊரே அவசரப்பட்டாலும் பெயிண்டர் அவசரப்பட மாட்டார். பட்டி பூசினால் காய வேண்டும், பிரைமர் அடித்தால் காய வேண்டும். வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் அதுவரை ஏணியைத் தொட மாட்டார். "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். கட்டிக்கொண்ட பாவத்துக்கு மனைவிக்கும் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

நேற்று வேலை நடுவில் வலது கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கை பழையபடி ஆகிவிட்டது. மனைவி விடுவாளா? ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்திருக்கிறது, அதிலிருந்து பிய்ந்துபோன துணுக்குதான் கையை விழவைத்தது, இந்த வாரமே ஆபரேஷன் செய்து சுத்தப்படுத்த வேண்டும் என்றார்.

பெயிண்டர் சிரித்தார். "இந்த வாரமா? அடிபட்ட மூளை ஈரச் சுவரு மாதிரிங்க. நல்லா காயட்டும். ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன்."

"முதல் ரெண்டு வாரம்தாங்க ரொம்ப ஆபத்து. அடுத்த துணுக்கு எப்ப வேணா கிளம்பும்," என்றார் டாக்டரம்மா.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, மேல ஒழுகுற கூரையை அடைக்காம, கீழ சுவரு காயட்டும்னு உட்கார்ந்திருப்பீங்களா? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"வந்துட்டா பெரிய மேஸ்திரி! அவசரப்பட்டா எல்லாம் உரிஞ்சுதான்டி வரும். இத்தனை வருஷமா நான்..."

அவ்வளவுதான். வாய் திறந்தபடி இருந்தது, பேச்சு வரவில்லை. உதட்டின் ஓரம் தொங்கியது.

இந்த மனுஷன் வாயை மூடமாட்டாரா என்று மனைவி வேண்டாத நாளில்லை. இப்போது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பேசுங்க! திட்டவாவது திட்டுங்க!" என்று கதறினாள்.

ஓடிவந்தவர்கள் அவரைக் கட்டிலில் கிடத்தினார்கள். மறுபடி ஸ்கேன், மருந்து என்று அமளிதுமளி. நல்லவேளை, சற்று நேரத்தில் நாக்கு அசைந்தது. முதலில் குழறல்தான் வந்தது, பிறகு அவள் பெயர் வந்தது. அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"நாளைக்குக் காலையில முதல் ஆபரேஷன் உங்களுக்குத்தான்," என்றார் டாக்டரம்மா.

பெயிண்டர் மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கா?" என்றார். "ஏன், இன்னைக்கு உங்களுக்கு என்ன வேலை?"